கபாசோ இறந்த அறை

லோம்பே துப்பறியும் தொழில் தொடங்கியபோது முசோவா ஊரே சிரித்தது. என் முடிதிருத்தும் கடைக்குப் பின்னாலிருந்த அறையைத்தான் அவளுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். அதற்கு முன் ரயில் யார்டில் காவல் வேலை பார்த்தவள். சரக்குப் பெட்டியில் சிமெண்ட் மூட்டை காணாமல் போனால், யார் வீட்டுச் சுவர் புதிதாகப் பூசியிருக்கிறது என்று ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஆளைப் பிடிப்பாள். ஆட்குறைப்பில் அந்த வேலை போனதும் பலகையை மாட்டிவிட்டாள். ஓடிப்போன புருஷன், திருட்டுப்போன ஆடு என்று சில்லறை வேலைகள்தான் வந்தன. என் கடைக்கு வருபவர்கள் அவளை ஆட்டு இன்ஸ்பெக்டர் என்று கேலி செய்வார்கள்.

எங்கள் பக்கம் ஜூன் மாதம்தான் கடுங்குளிர்; அந்தக் குளிரில் கபாசோ இறந்துபோனான். சந்தையில் கருவாடு விற்றவன், நல்ல திடமான ஆள். முதல் நாள் மாலை அவனுக்கும் மனைவி பூப்பேவுக்கும் சண்டை. அவள் சமைத்த ந்ஷிமாவை, மக்காச்சோளக் களியை, சாப்பிட்டுவிட்டு, கோழிக்குஞ்சுகள் வளர்த்த அறையில் போய்த் தாழிட்டுப் படுத்துக்கொண்டான். காலையில் தம்பி முபங்கா வந்து கதவை உடைத்தபோது கபாசோவின் உடல் சில்லிட்டிருந்தது. அத்தனை குஞ்சுகளும் செத்துக் கிடந்தன.

சாப்பாட்டிலும் குஞ்சுகளின் தீவனத்திலும் பூப்பே விஷம் வைத்துவிட்டாள் என்று புருஷன் வீட்டார் சொன்னார்கள். போலீஸ் அவளைக் கொண்டுபோனது. வீட்டுக்கு முபங்கா பூட்டுப் போட்டான். போலீஸ் மெத்தனமாக இருக்கிறது, விஷத்தை எங்கே வாங்கினாள் என்று நீங்கள் கண்டுபிடியுங்கள் என்று லோம்பேயிடம் வந்தவனும் அவன்தான்.

அவள் ஒன்றை மட்டும் முதலிலேயே சொன்னாள். "நடந்ததைத்தான் தேடுவேன் தம்பி. அது உங்களுக்குப் பிடிக்காமப் போனாலும் சொல்லிடுவேன். சம்மதமா?"

அண்ணன் சாவுக்கு நியாயம் வேண்டும், அவ்வளவுதான் என்றான் அவன். பொய்யாகச் சொல்லவில்லை. அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

லோம்பே முதலில் பக்கத்து வீட்டுக்குப் போனாள். துக்கத்தன்று யாரோ வேலியோரம் கொட்டிய மிச்சத் தீவனத்தை அந்த வீட்டு வாத்துகள் தின்று தீர்த்திருந்தன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு உடலைக் கழுவிய தேவாலயத்துப் பெரியவர்களைப் பார்த்தாள். உள்ளங்கையும் உதடும் உயிரோடு இருப்பவன்போலச் சிவந்திருந்ததாக அவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். செத்தவனைப் பற்றி அப்படிப் பேசக் கூடாதென்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்களாம்.

கடைசியாக முபங்காவே அறையைத் திறந்து காட்டினான். சுத்தமாகக் கூட்டியிருந்தது. ஜன்னல் சட்டத்தில் மட்டும் சின்ன ஆணிகள், ஒவ்வொன்றிலும் கிழிந்த பிளாஸ்டிக் துணுக்கு. குளிர் வராமல் இறுக்கி அடைத்திருக்கிறார்கள். அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். இந்தக் குளிரில் குஞ்சுகளுக்குச் சூடு எங்கிருந்து கிடைத்திருக்கும்? அறையில் அதற்கான எதுவுமே இல்லை.

முற்றத்தில் முபங்காவின் மனைவி லவ்னஸ் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். லோம்பே பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கட்டு எடுத்து ஆய ஆரம்பித்தாள்.

"அன்னைக்குக் காலையில துக்கத்துக்கு வந்தவங்களுக்குக் கஞ்சி வச்சது யாரு?"

"நான்தான் அக்கா. வேற யாருக்குக் கை ஓடுச்சு?"

"நெருப்புக்கு என்ன பண்ணீங்க?"

"கரியடுப்பு இருந்துச்சே. மச்சான் அறையில, மூலையில. எல்லாரும் அவரைக் கட்டிப்பிடிச்சு அழுதுக்கிட்டிருந்தாங்க, நான் தூக்கிட்டு வந்துட்டேன். சாம்பலைத் தள்ளினா உள்ள கங்கு இருந்துச்சு. கரி போட்டு விசிறினேன், பத்திக்கிச்சு."

சொல்லிவிட்டு லவ்னஸ் லோம்பேயின் முகத்தைப் பார்த்தாள். "நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா அக்கா?"

"இல்லம்மா. கஞ்சி வச்சிருக்கே. வேறொண்ணும் பண்ணலே."

அன்று மாலையே மாவட்ட மருத்துவமனைக்குப் பஸ் ஏறினாள். டாக்டர் முழுவதையும் கேட்டார். கரிப்புகை வாயு ஏறினால் செத்தபிறகும் உதடு சிவந்திருக்கும் என்றார். விஷச் சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் கரிப்புகை வாயு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லி லுசாகாவுக்கு எழுதினார்.

முபங்காவுக்குச் செய்தி தெரிந்ததும் என் கடை வாசலில் வந்து கத்தினான். பூப்பேவின் ஆட்கள் உன்னை வாங்கிவிட்டார்களா என்று கேட்டான். லோம்பே வாசலுக்கு வந்து நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டாள். முடிவு வரட்டும் என்றாள். அவள் கணக்குத் தப்பினால் முசோவாவில் அவளுக்கு இனி ஆடு தேடும் வேலைகூடக் கிடைக்காது.

முடிவு வந்தது. விஷம் இல்லை. ரத்தம் முழுக்கக் கரிப்புகை.

கபாசோவின் முற்றத்தில் இரு குடும்பமும் கூடியது. போலீஸ் இன்ஸ்பெக்டரும் வந்தார். லோம்பே நடுவில் நின்று, ரயில் யார்டில் பேர் கூப்பிட்டுப் பழகிய அதே குரலில் பேசினாள்.

"செத்தவரும் குஞ்சுங்களும் ஒரே தட்டுல சாப்பிடலே. ஒரே காத்தைத்தான் சுவாசிச்சாங்க. குஞ்சுங்க விறைச்சுடக் கூடாதுன்னு அடுப்பை உள்ள வச்சு, ஜன்னலை அடைச்சு, கூடவே படுத்துட்டாரு. யாரும் அவரைக் கொல்லலே. பூப்பே சமைச்சுப் போட்டா, அவ்வளவுதான்."

லவ்னஸ் எழுந்து, அடுப்பை எடுத்துவந்தது நான்தான் என்று எல்லோர் முன்னும் சொன்னாள். முபங்கா எழுந்து நடுவே வந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து லோம்பேயிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"என்கிட்ட ஏன்? அண்ணி வருவாங்க, அவங்க கையில குடுங்க."

மறுநாள் பூப்பேவை விட்டார்கள். காவல் நிலையத்து வாசலில் தேவாலயத்துப் பெண்கள் வெள்ளைச் சட்டையோடு காத்திருந்து, அவளை நடுவில் விட்டுப் பாடிக்கொண்டே சந்தைத் தெரு வழியாக நடந்தார்கள். விஷக்காரி என்றவர்கள் கடையை விட்டு இறங்கி வந்து கை கொடுத்தார்கள். முபங்கா எதிரே வந்து, முழங்கால் மடித்து, இரண்டு கையாலும் சாவியைக் கொடுத்தான். பூப்பே வாங்கிக்கொண்டு அவன் தோளில் சாய்ந்து அழுதாள். அத்தனை நாளில் அவளால் தன் புருஷனுக்காக அழ முடிந்தது அப்போதுதான்.

ஊர்வலத்துக்கு முன்னால் ஒருத்தி ஆடிக்கொண்டு போனாள். கல்யாணத்தில்கூட ஆடாத லோம்பே. நான் பாதி மழித்த தலையோடு ஒருவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். அவனும் பின்னாலேயே ஓடி வந்தான்.