கூட யார் வந்திருக்கிறார்கள்?

புதுச்சேரியில், சாரம் பகுதியில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்த மாடியறை அது. எதிரெதிராகப் போட்ட இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில், வகுப்பு நடத்தும் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர்தான் நோயாளி. வயிற்றில் கட்டி, ஆபரேஷன் வேண்டாமென்று அடம் பிடிக்கிறார். எதிர் நாற்காலியில் எங்கள் வார்டின் இன்சார்ஜ் அக்கா. அவர் கையில் இருந்த அட்டை, நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்டு, அவருடைய பயத்தைக் கேட்டு, உள்ளதை அவரிடமே எடுத்துச் சொல்லும்படி கட்டளையிட்டது. அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சாரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்ககூட யார் வந்திருக்காங்க?"

சார் நோயாளி என்பதை மறந்து தலையில் அடித்துக்கொண்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அக்காவின் வயதில் பாதியே ஆன பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

வெளிநாட்டுக்கு நர்ஸாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்கான ஆங்கிலத் தேர்வில், பேச்சுப் பகுதி இப்படித்தான். தேர்வாளர் நோயாளியாக நடிப்பார், நாம் நர்ஸாகவே இருக்க வேண்டும். கேட்டால் சுலபம் போலிருக்கும். வாழ்நாளெல்லாம் நர்ஸாக இருந்தவருக்கு நர்ஸாக இருப்பதில் என்ன கஷ்டம்? அக்கா தோற்றது அதில்தான். கேட்பது, படிப்பது, எழுதுவது எல்லாம் தேறிவிட்டது. பேச்சில் மட்டும் இரண்டு முறை, கைக்கெட்டும் தூரத்தில் விட்டுவிட்டார். இலக்கணம் என்னுடையதைவிட அவருடையது நன்றாக இருக்கும். நான் தவளக்குப்பத்துக் கரும்புக் கொல்லையிலிருந்து நர்சிங் படிக்க வந்தவள், என் ஆங்கிலம் வரப்பில் நடப்பது மாதிரி தடுமாறும். ஆனாலும் நான் முதல் தடவையிலேயே தேறிவிட்டேன்.

நம் ஊர் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். கட்டிலில் இருப்பவரிடம் நாம் ஊசியைப் பற்றிப் பேசுவோம், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம், வெயிலைப் பற்றிப் பேசுவோம். நோயைப் பற்றிப் பேச வேண்டியது கூட வந்தவரிடம். மனைவி, மகன், மச்சான், யாரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர். அவரை வராண்டாவுக்குக் கூப்பிட்டுப் போய், குரலைத் தாழ்த்திச் சொல்லுவோம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, உள்ளே போய் "ஒண்ணும் இல்லியாம், சீக்கிரம் வூட்டுக்குப் போயிடலாமாம்" என்பார். ரிப்போர்ட் வந்ததும் அக்காவின் வாயில் முதலில் வரும் கேள்வி, அத்தனை வருடமும், கூட யார் வந்திருக்காங்க என்பதுதான். சார் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிற மனிதர் அவர், ஆஸ்பத்திரி பக்கமே போனதில்லை. நோயாளியாக நடிப்பதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. "மேடம், இங்க வராண்டாவே இல்ல. நான் மட்டும்தான் இருக்கேன். என்கிட்ட சொல்லுங்க" என்று கெஞ்சுவார்.

அக்கா ஏன் இந்த வயதில் இந்தச் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து அவமானப்பட வேண்டும் என்று வகுப்பில் சிலர் நினைத்திருப்பார்கள். சம்பளத்துக்கு என்றுதான் அவர்களிடம் அக்காவும் சொல்லிவைத்திருந்தார். காரணம் எனக்குத் தெரியும். அக்காவின் கணவர் சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணம் கோவிலில் நடந்தது, கான்சுலேட்டில் பதியவில்லை, அதனால் அக்காவுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. பையனுக்கு மூன்று வயது முடிந்ததும், லீவுக்குக் காட்டிவிட்டு வருகிறேன், அதற்குள் உன் பேப்பரும் வந்துவிடும் என்று சொல்லி அந்த ஆள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பிரான்ஸுக்குப் போனார். பேப்பர் வரவில்லை, குழந்தையும் வரவில்லை. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்ற செய்தி மட்டும் வந்தது. எனக்கு அந்த மனிதரை நினைத்தாலே இன்றைக்கும் வயிறு எரிகிறது. அக்கா ஒரு நாளும் அவரைத் திட்டி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பையன் முகம் தெரியும், அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கணக்கு.

பையன் தமிழை மறந்துகொண்டே வளர்ந்தான். முதலில் வாக்கியங்கள் போயின, பிறகு சொற்கள், கடைசியில் அம்மா என்பது மட்டும் மிஞ்சியது. "சா வா?" என்பான். அக்கா "சா வா" என்பார். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். அக்காவுக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பிரான்ஸில் நம் நர்சிங் படிப்பு செல்லாது. இங்கிலாந்தில் செல்லும், ஆங்கிலம் இருந்தால் போதும், அங்கிருந்து கடலுக்கு அடியிலேயே பாரிஸுக்கு ரயில் போகிறது. "ரயில்ல ஏறுனா மத்தியான சாப்பாட்டுக்குப் போயிடலாம்டி" என்பார் அக்கா, ஏதோ விழுப்புரத்துக்குப் போவது போல.

அவர் வீடு வைத்திக்குப்பத்துக் கடற்கரையை ஒட்டி இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து, சாயங்காலங்களில் படகுகளுக்கு நடுவே மணலில் உட்கார்ந்து பயிற்சி செய்வோம். நான் நோயாளி, அவர் நர்ஸ். மீன் கூடையோடு போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "என்னாம்மா, ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல சண்ட போடுறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். சண்டைதான். எனக்குக் கோபம் வந்துவிடும். "அக்கா, நேரா எங்கிட்ட சொல்லு, கூட யாருன்னு கேக்காத" என்று கத்துவேன்.

"ஒரு மனுஷங்கிட்ட மூஞ்சிக்கு நேரா எப்புடிடி சொல்றது? சொன்னதும் அவன் சாஞ்சுக்க ஒரு ஆளு வேணாமா?"

"வெள்ளைக்காரன் சாய மாட்டான்க்கா."

"எல்லாருந்தான் சாயுவாங்க."

அவர் சொன்னது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நம் வழக்கத்தில் ஓர் இரக்கம் இருக்கிறது. ஆனால் அதன் இன்னொரு பக்கத்தையும் அதே வார்டில் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர், கடைசி நாட்களில், நான் டிரிப்ஸ் மாற்றும்போது என் கையைப் பிடித்து, "எல்லாரும் வெளிய போயி அழுதுட்டு வராங்க. எனக்கு மட்டும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்றாங்க. என்னாம்மா?" என்று கேட்டார். நான் கையை விடுவித்துக்கொண்டு, டாக்டரைக் கேளுங்க ஐயா என்றேன். டாக்டரும் சொல்லவில்லை. தன் சாவைப் பற்றி ஊருக்கே தெரிந்து, தனக்கு மட்டும் தெரியாமல் அவர் போனார். அவர் யாரிடமாவது எதையாவது சொல்ல நினைத்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்றாவது முறை அக்கா தேறினார். "அந்தக் கேள்வி வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்" என்றார். அன்றைக்கு மணலில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷம் என்றுதான் நினைத்தேன், சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பையனிடம் ஆங்கிலத்தில், நான் வருகிறேன் என்று சொன்னார். அவன் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில், எப்போது என்று கேட்டான். சீக்கிரம் என்றார்.

விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், காசநோய் இல்லையென்று காட்டுவதற்கு. சென்னைக்குத் தனியாகப் போய் வந்தார். காசநோய் இல்லை. ஆனால் எக்ஸ்ரேயில் வேறு ஏதோ நிழல் இருந்தது. மறுபடி ஸ்கேன் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எடுத்தோம். ரிப்போர்ட் வந்ததும், அக்காவோடு அத்தனை வருடம் வேலை பார்த்த டாக்டர், அக்காவை விட்டுவிட்டு, என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டார். நுரையீரலில் தொடங்கிய புற்று ஈரலுக்கும் போய்விட்டது, ஆபரேஷன் செய்ய இடமில்லை என்றார். "வீட்ல யாருமில்லல்ல, நீதான் பாத்து பக்குவமா சொல்லணும்" என்றார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மூஞ்ச கழுவிட்டு வந்திருக்க. அப்ப ஈரலுக்கும் போயிருச்சு."

அவரே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

எனக்கு விசா வந்திருந்தது, தள்ளிப்போட்டேன். அக்கா திட்டினார். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாகத்தான் நடந்தது. மருந்து உடம்பை உருக்கியதே தவிர நோயைத் தொடவில்லை. அவர் இன்சார்ஜாக இருந்த வார்டிலேயே, ஜன்னலோரக் கட்டிலில் படுத்தார். வீடியோவில் பையனோடு பேசுவதை நிறுத்திவிட்டு, கணவருக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் பையனிடம், அம்மாவுக்குச் சின்ன ஆபரேஷன், போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லி விமானம் ஏற்றினார். அவரும் நம் ஊர்க்காரர்தானே.

பதினெட்டு வயதுப் பையன், முதுகில் பையோடு வார்டு வாசலில் வந்து நின்றான். உயரம். புருவம் அப்படியே அக்காவினுடையது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தவரைக் கொஞ்ச நேரம் அடையாளம் தேடிவிட்டு, "சா வா?" என்றான். அக்கா "சா வா" என்றார். அதோடு பிரெஞ்சு தீர்ந்துவிட்டது. மூன்று வயதில் தூக்கிக் கொடுத்த பிள்ளை எதிரில் நிற்கிறது, இருவருக்கும் சொந்தமான ஒரு பாஷை இல்லை. பிறகு அக்கா, செருப்புக் கடை மாடியில் கற்ற அந்த ஆங்கிலத்தில், பயணம் எப்படி இருந்தது, தூங்கினாயா என்று கேட்டார். அவனும் தட்டுத் தடுமாறிப் பதில் சொன்னான். இரண்டு நாள் அப்படிப் பேசினார்கள். சமையல் கலை படிக்கிறானாம். மீன் பிடிக்குமாம். நான் திரையை இழுத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன், காது மட்டும் அங்கேயே இருக்கும். வீட்டுக்கு எப்போது போகலாம் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பல்ஸைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "அந்தப் பையன வெளிய கூப்பிடுங்க. கூட இருக்கவங்களுக்கு சொல்லிடணும்" என்றார். நான் போய் அவன் தோளைத் தொட்டேன். அவன் எழுந்தான்.

"எங்கடி கூட்டிட்டுப் போற?" என்றார் அக்கா. மூச்சு வாங்கியது.

"டாக்டர் கூப்புடுறாருக்கா."

"வராண்டாவுக்குதான? வேணாம். அவன்கூட யாரு வந்திருக்கா? சொன்னா சாயறதுக்கு அவனுக்கு யாரு இருக்கா இங்க, என்ன வுட்டா? இங்கியே உக்காரச் சொல்லு. நானே சொல்றேன்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பையன் உட்கார்ந்தான். அக்கா தலையணையில் கொஞ்சம் நிமிர்த்தச் சொன்னார். அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். பிறகு, ஒரு நாளும் அவர் சரியாகச் செய்யாத அந்தப் பயிற்சியை, ஒவ்வொரு படியாகச் செய்தார். என் நோயைப் பற்றி அப்பா உன்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டார். அவன் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. நான் சொல்லப்போவது கஷ்டமானது, நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்தச் சொல் என்றார். பிறகு சொன்னார். சின்னச் சின்ன வாக்கியங்களில், அவனுக்குப் புரியும் ஆங்கிலத்தில், சுற்றி வளைக்காமல். இது குணமாகாது. நான் வீட்டுக்குப் போகமாட்டேன். அதிக நாள் இல்லை. அவன் தலை மெல்லச் சாய்ந்து அவர் தோளில் விழுந்தது. அக்கா காத்திருந்தார். சார் எத்தனையோ தடவை காத்திருங்க, காத்திருங்க என்று கத்தியும் அவருக்கு வராத காத்திருப்பு அது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இங்கிலாந்தில் நான் இப்போது வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் டாக்ஸி பிடித்துத் தனியாகவே வருகிறார்கள். டாக்டர் அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லுகிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து மீதியைச் சொல்லுகிறேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. என்னிடம் கேட்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்பது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் அக்காவும் அன்றைக்கு, அவன் அழுது ஓய்ந்த பிறகு, விட்டுவிடாமல் அதைக் கேட்டார்.

அவன் தலையை நிமிர்த்தினான். ரொம்ப நாளாக வைத்திருந்த கேள்வியாகத்தான் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் தடுமாறாமல் வந்தது. "நீங்க ஏன் வரவே இல்ல?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்கு என்னாடி சொல்றது?" என்று தமிழில் கேட்டார். மணலில் எத்தனையோ சாயங்காலம் அவருக்கு எடுத்துக் கொடுத்தவள் நான். கோவில் கல்யாணம், வராத பேப்பர், மூன்று தேர்வு, ஒரு எக்ஸ்ரே. இதையெல்லாம் எந்த பாஷையில் ஒரு பிள்ளைக்குச் சொல்வது? அக்கா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு மூச்சைச் சேர்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பி, மெதுவாக, ஆங்கிலத்திலேயே சொன்னார்.

"வந்துட்டுதான் இருந்தேன்."