லைசென்ஸில் ஒரு ‘கூடாது’

ஜெனிற்றாவுக்குக் கோபம் வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பாள். பிறகு, எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், “சரி, இப்ப என்னவாம்?” என்று கேட்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, தான் வேலை செய்கிற தனியார் கல்வி நிலையத்தின் கணினி அறையில் இருந்து, ஒரு மின்னஞ்சலைப் பார்த்து அவள் அப்படித்தான் கேட்டாள். மின்னஞ்சல் மிகவும் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. மரியாதையாக மறுக்கிறவர்களைத்தான் அவளுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது.

சங்கதி இதுதான். அவளுடைய அக்கா லவீனாவின் கணவர் கொலின்ஸ் குருநகரில் கடற்றொழில் செய்கிறவர். சில வருடம் கட்டாரில் ஒரு கம்பனியின் கணினிப் பிரிவில் இருந்துவிட்டு வந்து, தகப்பனின் படகைப் பொறுப்பெடுத்தார். கடலுக்குப் போகாத நாட்களில் சும்மா இருக்க மாட்டாமல் ‘வலைக்குறி’ என்றொரு மென்பொருளை எழுதினார். வலை போடப் போகிறவர் எந்த இடத்தில் போடுகிறார் என்பதைத் தன் கடற்றொழிலாளர் சங்கத்தில் சொல்லிவிட்டுப் போனால், அது வரைபடத்தில் ஒரு கோடாக விழும். மற்றச் சங்கங்களின் கணினிகளிலும் அந்தக் கோடு தெரியும். பிறகு போகிறவர் பார்த்து விலகிப் போடலாம். ஒருவர் வலைமேல் இன்னொருவர் வலை விழாது. நல்ல காரியம், யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் எழுதியவர் எழுதியதோடு சரி. அதைச் சங்கங்களின் கணினிகளில் ஏற்றுகிற வேலை ஜெனிற்றாவின் தலையில் விழுந்தது. அந்தக் கணினிகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் அனுப்பிய பழசுகள். உலகம் முழுவதும் தொண்டர்கள் சேர்ந்து நடத்துகிற ஓர் இலவச இயங்குதளம் அவற்றில் ஓடியது. சனிக்கிழமை வந்தால் அவள் பென்டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்ப வேண்டும். பாசையூரில் ஓடுவது நாவாந்துறையில் ஓடாது. நாவாந்துறையில் சரிப்படுத்திவிட்டு மயிலிட்டிக்குப் போனால் அங்கே போன மாதத்துப் பதிப்பு இருக்கும். புதிய பதிப்பு அனுப்புகிற கோட்டைப் பழைய பதிப்பு கண்டுகொள்ளாது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்.

இதற்கு ஒரே மருந்து, மூலநிரலை முறைப்படி பொதியாகக் கட்டி, அந்த இயங்குதளத்தின் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுவது. சேர்ந்துவிட்டால் எந்த ஊர்க் கணினியும் ஒரே கட்டளையில் தானே இறக்கிக்கொள்ளும், புதியது வந்தால் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் இயங்குதளத்தின் அடுத்த பெரிய வெளியீட்டுக்கான கதவு வெள்ளிக்கிழமை பூட்டப்படுகிறது. அதற்குள் உள்ளே போகாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் ஸ்கூட்டிதான்.

பொதி கட்டுவது என்றால் ஏதோ பார்சல் கட்டுகிற மாதிரி என்று அவளுடைய அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். கட்டிப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். கொலின்ஸ் தன் பதிப்புகளுக்கு இலக்கமே போடவில்லை. எந்தத் திருநாளுக்குக் கிட்டவாக முடித்தாரோ அந்தப் புனிதரின் பெயரை வைத்திருந்தார். அந்தோனியார், யாகப்பர், சவேரியார். எது முந்தியது, எது பிந்தியது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? அது ஆங்கில எழுத்து வரிசையைப் பார்த்து, மார்கழியில் வந்த சவேரியாரைவிட ஆடியில் வந்த யாகப்பர்தான் புதிது என்று அடம்பிடித்தது.

“புனிதருக்குள்ளை ஆர் பெரியவர் எண்டு என்னைக் கேக்க வைக்காதேங்கோ அத்தான், பாவம் வரும்” என்றாள்.

“அப்ப ஒண்டு, ரெண்டு எண்டு போடும். எனக்கென்ன” என்றார் அவர், ஏதோ அவளுக்காக விட்டுக்கொடுக்கிற மாதிரி.

அது முடிய அடுத்தது. வரைபடங்களை எங்கே தேடுவது என்று அவர் நிரலுக்குள் எழுதியிருந்த இடம், அவருடைய சொந்தக் கணினியில் அவருடைய பெயரில் இருக்கிற கோப்புறை. அதை அப்படியே விட்டால் உலகத்துக் கணினி எல்லாம் கொலின்ஸ் வீட்டுக்குள் புகுந்து வரைபடம் தேடும், கிடைக்காமல் விழுந்து படுத்துவிடும். அதைத் திருத்தினாள். மீன் படம் ஒன்று இருந்தது. அதை யார் கீறியது என்று கேட்டால் “நெற்றிலை கிடந்தது” என்றார். அதை எறிந்துவிட்டுத் தானே ஒரு மீன் கீறினாள். அது பார்க்கப் பேக்கரிப் பணிஸ் மாதிரி வந்தது. இருக்கட்டும் என்று விட்டாள். இத்தனையும் முடித்து, சோதனைகள் எல்லாம் தேறி, அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்த நேரத்தில்தான் களஞ்சியத்தில் இருந்து இந்த மின்னஞ்சல்.

மென்பொருளை யார், எப்படிப் பாவிக்கலாம் என்று சொல்கிற உரிமக் கோப்பின், அந்த லைசென்ஸின், அடியில் ஒரு வரி இருக்கிறதாம். அந்த வரி இருக்கும்வரை பொதியைச் சேர்க்க முடியாதாம். இன்னார் பாவிக்கக்கூடாது, இன்ன தொழிலுக்குப் பாவிக்கக்கூடாது என்று தடை போடுகிற எதுவும் களஞ்சியத்துக்குள் வருவதில்லையாம். வருந்துகிறார்களாம்.

ஜெனிற்றா கோப்பைத் திறந்தாள். மேலே எல்லோரும் போடுகிற வழக்கமான ஆங்கில உரிமம். அதைக் கண்டுவிட்டு, தெரிந்ததுதானே என்று கீழே போகாமல் விட்டிருந்தாள். அந்த ஆங்கிலம் எல்லாம் முடிந்து, வெறும் இடம் கொஞ்சம் விட்டு, தமிழில் இருந்தது: ‘கடலின் அடியை வழிக்கிற இழுவைப்படகுக்காரர் இதைப் பாவிக்கக்கூடாது.’

எங்கேயோ பனிநாட்டில் இருந்து பொதியைச் சரிபார்த்த, தமிழ் தெரியாத மனுசன் அதை மொழிபெயர்த்து வாசித்திருக்கிறான். குருநகரில் பிறந்தவள் வாசிக்கவில்லை. அவளுக்குக் கொலின்ஸில் வந்த கோபத்தைவிடத் தன்னில் வந்த கோபம் பெரிது. ஆனால் தன்னோடு சண்டை பிடிக்க முடியாதே. பின்னேரம் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

கொலின்ஸ் முற்றத்தில் இருந்து வலைக்கு மிதப்புக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அத்தான், லைசென்ஸிலை என்ன எழுதி வைச்சிருக்கிறியள்?”

“ஏன், பிழையே?”

“உந்த ஒரு வரியாலை முழுப் பொதியையும் திருப்பி அனுப்பியிருக்கினம்.”

“ஆர் அவை? கடலுக்குப் போறவையே?”

“இல்லை.”

“அப்ப அவையளுக்கு என்ன தெரியும்?”

“கடலைப் பற்றித் தெரியத் தேவையில்லை. குடுக்கிறதெண்டால் எல்லாருக்கும் குடுக்கோணும் எண்டது அவையின்ரை சட்டம். நல்லவனுக்கும் குடுக்கோணும், கெட்டவனுக்கும் குடுக்கோணும்.”

“வலையை அறுத்தவனுக்கும்?”

“ஓம். அவனுக்கும்.”

கொலின்ஸ் சிரித்தார். அது சிரிப்பு அல்ல. இரண்டு தரம் அவருடைய வலை முழுதாகப் போயிருந்தது. ஒரு தரம் அக்கரை இழுவைப்படகுக்காரர் வந்து அறுத்தார்கள், மற்றத் தரம் இந்தக் கரைக்காரரே. விடியப் போய்ப் பார்த்தபோது மிதப்புகள் மட்டும் கிடந்தன.

“உந்த இழுவைத்தொழில் கூடாதெண்டு நாட்டுச் சட்டத்திலையே கிடக்கு. அரசாங்கம் சொல்லலாம், நான் சொல்லக்கூடாதோ?”

“அரசாங்கம் சொல்லி ஆர் கேட்டவை?” என்றாள் லவீனா, குசினிக்குள் இருந்து.

அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்று கால்தான். ஜெனிற்றா அன்றைக்குத் தோற்றுத் திரும்பினாள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, புதன்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தாள். உரிமத்தில் தடை போடக்கூடாது. ஆனால் மென்பொருளோடு வரும் விளக்கக் குறிப்பில் ஒரு வேண்டுகோள் வைக்கலாம், அதை யாரும் மறுக்க மாட்டார்கள். அப்படியே எழுதி மடிக்கணினியில் கொண்டுபோய்க் காட்டினாள்: ‘இழுவைத்தொழில் செய்வோர் தயவுசெய்து இதைப் பாவிப்பதைத் தவிர்க்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’

கொலின்ஸ் இரண்டு தரம் வாசித்தார். “தயவுசெய்தோ?” என்றார். “நான் அவங்களிட்டைக் கெஞ்சவோ?”

அவளுக்குப் பொறுமை அறுந்துபோனது. “லைசென்ஸை வாசிச்சிட்டே அத்தான் அவங்கள் உங்கடை வலையை அறுத்தவங்கள்? நீங்கள் கூடாதெண்டு எழுதினால் என்ன, வாங்கோ எண்டு எழுதினால் என்ன, ஒருத்தனும் உந்தப் பைலைத் திறந்து பாக்கப்போறதில்லை. உந்த வரியாலை மறிபட்டு நிக்கிறது எங்கடை சனந்தான்.”

லவீனா வாசலுக்கு வந்து தங்கச்சியை ஒரு பார்வை பார்த்தாள்.

கொலின்ஸ் கையில் இருந்த நூலைக் கீழே வைத்தார். “வாசிக்க மாட்டாங்கள் எண்டு எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிறீர்? நான் எத்தினை மகஜரிலை கையெழுத்து வைச்சிருப்பன், சொல்லும். சங்கத்தாலை குடுத்தது, கோயிலாலை குடுத்தது, அரசாங்கக் கச்சேரி வாசலிலை நிண்டு குடுத்தது. எல்லாத்திலையும் தயவுசெய்து, தாழ்மையுடன், பணிவுடன். ஒரு இடத்திலை எண்டாலும் ‘கூடாது’ எண்டு எழுத எனக்கு ஆரும் விட்டவையே? இது நான் எழுதின சாமான். என்ரை. இதிலைதான் எனக்கு அப்பிடிச் சொல்ல ஏலும்.”

ஜெனிற்றாவுக்கு முகம் சுட்டது. இத்தனை மாதமாக அந்த மென்பொருளின் ஒவ்வொரு கோப்பையும் புரட்டியவள் அவள். அதில் அந்த மனுசனுக்கு எது பெரிது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காதது ஒரு பக்கம், அதையே துப்புரவாக்க வேண்டிய குப்பை மாதிரிக் கதைத்துவிட்டாள். அதற்காகக் களஞ்சியத்துக் கதவு திறந்துவிடவா போகிறது என்று ஆத்திரமும் கூடவே வந்தது.

அந்த நேரம் அவளுடைய போன் அடித்தது. வடக்குக் கரையில் ஒரு சங்கத்துச் செயலாளர் தேனுஜன். அவன் கதைத்தால் ஊருக்கே கேட்கும்.

“அக்கா, நேற்று மற்றச் சங்கத்திலை பதிஞ்ச கோடு ஒண்டும் எங்கடை கொம்பியூட்டரிலை விழேல்லை. இடம் வெறுமை எண்டு நினைச்சு செந்தூரன் அண்ணை வலையைப் போட்டிட்டார். ரெண்டு பேற்றை வலையும் சிக்கி, வெட்டித்தான் எடுத்தது. இப்ப ரெண்டு பகுதியும் வாய்த்தர்க்கம்.”

“உங்கடை பழைய வேர்ஷன். சனிக்கிழமை வாறன்.”

“போன சனிக்கிழமையும் வந்து செய்தனீங்கள்தானே அக்கா?”

“ஓம். வாறன் எண்டு சொல்லுறனல்லோ.”

போனை வைத்தாள். கொலின்ஸ் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெட்டினதோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“எங்கடை ஆக்களே, எங்கடை ஆக்களின்ரை வலையை.”

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டாள். ஏதாவது சொன்னால் மறுபடியும் சண்டையில்தான் முடியும்.

கொலின்ஸ் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு மடிக்கணினியை வாங்கினார். உரிமக் கோப்பைத் தானே திறந்து, அடிக்குப் போய், வரியின் கடைசி எழுத்தில் இருந்து ஒவ்வொன்றாக அழித்தார். முழு வரியையும் ஒரே தட்டில் அழிக்கலாம், அவருக்கும் அது தெரியும். அவள் எழுதி வந்த வேண்டுகோளையும் அவரே அழித்தார்.

“கெஞ்சிறதிலும் பாக்க ஒண்டும் சொல்லாமல் விடலாம்” என்றார். “இனிச் சரிதானே?”

சரியில்லை. அதைச் சொல்லவே அவளுக்கு நாக்கூசியது. “இன்னும் ஒண்டு கிடக்கு, அத்தான். மாற்றக் குறிப்பு எழுதோணும். ஒவ்வொரு தரமும் என்னத்தை மாத்தினது, ஏன் மாத்தினது எண்டு. எழுதாட்டில் எடுக்க மாட்டினம்.”

“விட்டாங்களே மனுசனை!” என்றார் கொலின்ஸ். பிறகு, “அதை ஆர் பாக்கிறது?”

“பொதியோடையே போகும். அதை ஏத்துற ஒவ்வொரு கொம்பியூட்டரிலையும் இருக்கும்.”

“பேந்து அழிக்க ஏலாதோ?”

“குறிப்பை அழிக்கிற வழக்கமில்லை. அடுத்ததை அதுக்கு மேலை எழுதிக்கொண்டு போறதுதான்.”

“என்ன வரி அழிச்சது எண்டு முழுசாய் எழுதலாமோ?”

ஜெனிற்றா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “எழுதலாம்” என்றாள். “எழுதத்தான் வேணும்.”

“அப்ப நான் சொல்லுறன், நீர் எழுதும்.”

அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினாள், கீழே ஆங்கிலத்திலும் எழுதினாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ‘“கடலின் அடியை வழிக்கிற இழுவைப்படகுக்காரர் இதைப் பாவிக்கக்கூடாது” என்ற வரி உரிமத்திலிருந்து நீக்கப்பட்டது. காரணம்: களஞ்சியத்தின் விதி. எழுதியவர் மனம் மாறவில்லை.’

வியாழக்கிழமை பின்னேரம் களஞ்சியத்தில் இருந்து பதில் வந்தது. ஜெனிற்றா வேலையிடத்தில் இருந்தே கொலின்ஸுக்குப் போன் எடுத்தாள்.

“அத்தான், பொதியைச் சேர்த்திட்டினம்.”

“‘மனம் மாறவில்லை’ எண்டதையுமோ?”

“அதையும் சேர்த்துத்தான்.”

“அப்ப சரி” என்றார் கொலின்ஸ்.