கறுத்துப்போன கிராம்பெண்ணெய்

ஒரு பகல் முழுவதும் எரித்து இறக்கிய எண்ணெய் மை போலக் கறுத்திருந்தது. தேநீர் நிறத்தில் இருக்க வேண்டியது.

ஆற்றோரத்துச் செம்பு வாலையில் கிராம்பிலை காய்ச்சி வடிப்பது பதினெட்டு வருடமாக வெலுஸாராவின் வேலை. யாரும் சொல்லித் தரவில்லை. முதல் தடவை, தேங்காயெண்ணெய் மாதிரி இதுவும் மிதக்கும் என்று நம்பி, அடியில் தங்கியதை முற்றத்தில் கொட்டிவிட்டாள். கிராம்பெண்ணெய் தண்ணீரில் மூழ்கும். ஒரு மாதம் முற்றம் மணத்தது. கோழிகள்கூட அந்தப் பக்கம் வரவில்லை. அன்றிலிருந்து உற்றுப் பார்க்காமல் அவள் எதையும் கொட்டியதில்லை. அக்கம்பக்கத்தார் தங்கள் இலையை நம்பிக்கையோடு அவளிடம் கொண்டுவந்தார்கள்.

எண்ணெய் வாங்க வந்த வியாபாரி ராஃபலி சீசாவை வெயிலில் தூக்கிப் பிடித்தான்.

"என்னக்கா இது, டீசலா?"

"மூக்கு இருக்குல்ல? மோந்து பாரு."

மோந்தான். தண்ணீர்க் கோப்பையில் ஒரு சொட்டு விட்டான். நேரே அடிக்குப் போனது.

"கிராம்புச் சத்து, அந்த யூஜினால் இருக்கு, இல்லேங்கல. ஆனா இந்த நிறத்துல கொண்டுபோனா, எங்கிட்ட வாங்குறவங்க கலப்படம்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் இந்த ஊர்ச் சரக்கையே தொட மாட்டாங்க."

வேலியோரம் நின்ற அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். எல்லார் வீட்டு இலையும் அந்த எண்ணெயில் இருந்தது.

வெலுஸாரா வாலையைச் சுற்றி வந்தாள். அதே இலை, அதே விறகு, அதே செம்பு. புதிதாக இருந்தது ஒன்றுதான்: போன வாரம் வாலையின் கழுத்து உடைந்த இடத்தில் புருஷன் பெஸாரா செருகிய இரும்புக் குழாய். விரலை உள்ளே விட்டாள். துரு ஒட்டியது, எண்ணெய் பட்டுக் கருநீலமாக.

துணியில் பட்ட துருக்கறையை அவள் எலுமிச்சை தேய்த்துத்தான் எடுப்பாள்.

"ஒரு பானை சோறு வேகுற நேரம் இரு தம்பி."

"சோறும் உண்டா?"

"இப்போதைக்கு, தீஞ்ச சோத்துல கொதிக்கவெச்ச தண்ணி இருக்கு. குடி."

சீசாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, குலுக்கி, தெளியவிட்டாள். மேலே நின்ற சாற்றில் துரு நிறம் ஏறியது. அதை இறுத்துவிட்டு இன்னொரு தடவை பிழிந்தாள். ராஃபலி மூன்றாவது கோப்பைச் சோற்றுத் தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அடியில் எண்ணெய் மெல்ல வெளுத்து, தேநீர் நிறமாகி, அதைவிடவும் இளநிறமாக நின்றது.

"அடேயப்பா! மீதியையும் இப்படியே குலுக்கிக் குடுக்கா. எடுத்துக்கறேன்."

"குழாய் உறுதியான குழாய்தான்," என்று முனகினான் பெஸாரா.

"உறுதிதான். கொண்டுபோய் ஆட்டுப்பட்டிக்கு முட்டுக் குடு."

வேலியோரம் சிரிப்பு வெடித்தது. வெலுஸாரா அப்போதுதான் உட்கார்ந்தாள். இரு கையாலும் கோப்பையைப் பிடித்துச் சோற்றுத் தண்ணீரைக் குடித்தாள்.

"நின்னு சிரிச்சது போதும்," என்றாள் வேலியைப் பார்த்து. "யார் யார் வீட்டுல எலுமிச்சை இருக்கோ, பறிச்சுட்டு வாங்க."