ஏழுக்கும் ஏழுக்கும் நடுவே அருணாதேவி

அருணாதேவி திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறாள். முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு, அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கும் அவளுடைய சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். 1981-இல் அமைந்த அயர்லாந்து நாடாளுமன்றம் அது.

நூற்று அறுபத்தாறு உறுப்பினர்கள். எழுபத்தெட்டு இடம் வாங்கிய பெரிய கட்சி எதிர்வரிசையில் உட்கார, அறுபத்தைந்தும் பதினைந்தும் வாங்கிய இரண்டு கட்சிகள் சேர்ந்து ஆட்சி அமைத்தன. அப்படியும் பெரும்பான்மை இல்லை. சுயேச்சைகளும் சில்லறைக் கட்சிகளும் தயவு காட்டும்வரைதான் அரசு. ஏழே மாதத்தில், குழந்தைகளின் செருப்புக்கும் வரி போட்ட பட்ஜெட் ஒரு ஓட்டில் தோற்றது, ஆட்சி கவிழ்ந்தது. கைவிட்ட சுயேச்சைகளைப் பொறுப்பற்றவர்கள் என்றே அருணாதேவி எழுதியிருந்தாள்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. கட்சியில் சீட்டு கிடைக்காத கோபத்தில் அவள் கணவன் சக்திவேல், பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் அவளைச் சுயேச்சையாக நிறுத்தினான். ஜெயித்தாள். பதினைந்து பேர் கொண்ட ஒன்றியக் குழுவில் இரண்டு அணிக்கும் ஏழு ஏழு. மிச்சம் அவள்.

ஓர் அணியின் சேர்மன் வேட்பாளர் ராஜமாணிக்கம். ஊர் ஏரியில் மண் அள்ளும் லாரிகள் அவருடையவை. தன் ஆட்களை ஏலகிரியில் தங்கவைத்துவிட்டு, அருணாதேவிக்கும் கார் அனுப்பினார்.

"நான் சொல்லிட்டேன், நீ அவருக்குத்தான் போடறன்னு" என்றான் சக்திவேல்.

"என்னைக் கேக்காம எப்படிங்க சொன்னீங்க?"

"உன்ன நிக்க வெச்சதே நான்தான?"

கார் காலியாகவே திரும்பியது.

வாக்கெடுப்பு ரகசியமானதுதான். ஆனால் எதிரணியின் ஜோதியம்மாள் எட்டுக்கு ஏழு என்று ஜெயித்ததாக அதிகாரி அறிவித்ததும் எல்லோரும் அருணாதேவியைத்தான் பார்த்தார்கள். வெளியே வந்தபோது சக்திவேல் பைக்கோடு போய்விட்டிருந்தான். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்த அயர்லாந்துக்காரர்கள் ஓட்டுப் போட்ட பிறகு எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று அவள் படித்த எதிலும் இல்லை.

"நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு தெருவுல நடக்கறது?" என்று மட்டும் கேட்டான் சக்திவேல். பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

மழைக்காலம் முடிவதற்குள் ஜோதியம்மாள் தன் உறுப்பினர்களோடு ராஜமாணிக்கத்தின் கட்சியில் சேர்ந்தாள். சால்வை போட்ட படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அருணாதேவி அவள் வீட்டுக்கே போனாள்.

"என்னங்கக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

ஜோதியம்மாள் கண்ணைப் பார்க்கவில்லை. "எந்த வேலையும் நடக்க மாட்டேங்குது. நீ தனி ஆளும்மா, முடியாதுன்னு சொல்லிடுவ. எனக்கு எல்லா ஊருக்கும் பதில் சொல்லணும்."

அடுத்த கூட்டத்தில், தூர் வாருவது என்ற பெயரில் ஏரி மண்ணை அள்ள அனுமதிக்கும் தீர்மானம் வந்தது. பதினான்கு கைகள் உயர்ந்தன. "எனக்குச் சம்மதம் இல்ல, எழுதிக்கோங்க" என்றாள் அருணாதேவி. அதிகாரி எழுதிக்கொண்டார். ராஜமாணிக்கம் அவளுக்கும் டீ கொண்டுவரச் சொன்னார்.

ஏரியில் இப்போது ஆள் மூழ்கும் ஆழத்துக்குப் பள்ளங்கள். மாடு மேய்ப்பவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. வீட்டில் சக்திவேல் அவளோடு பேசுவது மகள் தேவிப்ரியாவின் படிப்பைப் பற்றி மட்டும்தான். ஆய்வில் அந்தச் சுயேச்சைகள் பற்றிய பகுதியைத் திருத்த வேண்டும் என்று அருணாதேவி உட்காருகிறாள். பொறுப்பற்றவர்கள் என்பதை அடித்துவிட்டாள். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.