நிபந்தனை பூஜ்யம்

காரைக்குடியில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்துகிறாள் கல்யாணசுந்தரி. வீடு கல்லலில். தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் ஆங்கிலக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து மிரள்வதைக் கண்டுதான் வலைப்பூ தொடங்கினாள். விளம்பரம் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. தானே தட்டச்சு செய்து ஏற்றிவைத்த வெறும் பக்கங்கள். பழைய போனில்கூடச் சட்டென்று திறந்துகொள்ளும். கல்யாணத்தோடு நின்றுபோன ஆராய்ச்சிப் படிப்பின் ஏக்கம் அந்தப் பக்கங்களால்தான் கொஞ்சம் ஆறியிருந்தது.

ஒருநாள் மாலை வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது தேனம்மை கூப்பிட்டாள். தேவகோட்டையில் பள்ளி ஆசிரியை. வலைப்பூ வழியாகப் பழக்கம்.

"தப்பா எடுத்துக்கிறாதீக டீச்சர். சின்ன எண்ணோட வர்க்கமும் சின்னதா இருக்கும்னு எழுதியிருக்கீக. வகுப்புல ஒரு புள்ள எந்திரிச்சு, மைனஸ் மூணு ரெண்டைவிடச் சின்னதுதானே, அதோட வர்க்கம் ஒம்பதுல்ல வருதுன்னு கேட்டுருச்சு."

"ரெண்டும் பாசிட்டிவா இருக்கணும்னு நிபந்தனை போட்டிருக்கேனே!"

"நிபந்தனை பூஜ்யம்னுல்ல போட்டிருக்கீக? ஒண்ணுமே வேணாமாக்கும்னு நானும் நடத்திட்டேன்."

லைன் அறுந்துவிட்டது. பக்கத்தைத் திறக்கப் பார்த்தாள், சிக்னல் இல்லை. எத்தனை பிள்ளைகள் அதைப் படித்தார்களோ என்ற கவலை. மற்ற பக்கங்களில் என்னென்ன உளறிவைத்திருக்கிறோமோ என்ற பயம் வேறு.

பஸ் நிறுத்தத்தில் வண்டியோடு நின்ற கணவன் அருள்பாண்டி, "ஏன் மொகம் இப்படி இருக்கு?" என்றான்.

"கணக்கைத் தப்பா எழுதிட்டேன் போல. வெரசாப் போங்க."

வீட்டுக்குள் நுழைந்ததும் கம்ப்யூட்டரில் தான் எழுதிய கோப்பைத் திறந்தாள். "நிபந்தனை: 0<x<y" என்று தெளிவாக இருந்தது. போனில் அதே பக்கத்தைத் திறந்தாள். "நிபந்தனை: 0". அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

ஒரு நிமிடம் விழித்தவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிறியது என்ற குறியை ஒட்டி இடைவெளி விடாமல் எழுத்து வந்தால், பிரௌசர் அதைத் தனக்கான கட்டளை என்று நினைத்து விழுங்கிவிடும். மற்ற பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அங்கெல்லாம் குறிக்கு இருபுறமும் இடைவெளி விட்டிருந்ததால் எல்லாம் பிழைத்திருந்தன. குறியை எழுதவேண்டிய முறைப்படி மாற்றி எழுதி மறுபடி ஏற்றினாள். வரி முழுதாக வந்து நின்றது.

தேனம்மையைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்பாடி! நாளைக்கே வகுப்புல சொல்லிர்றேன். அந்தப் புள்ளையையும் பாராட்டணும்."

"கட்டாயம் பாராட்டுங்க. அந்த மைனஸ் மூணைப் பக்கத்துலயும் சேத்துர்றேன். நிபந்தனை எதுக்குன்னு அதவிட நல்லாச் சொல்ல முடியாது."

அடுப்படியில் அருள்பாண்டி தோசை வார்த்துக்கொண்டிருந்தான். "கணக்குல தப்பில்லையே?"

"இல்ல. பக்கம்தான் முழுங்கிருச்சு," என்றாள் அவள், தட்டை எடுத்துக்கொண்டு. "பசி உயிர் போகுது. இன்னொண்ணு சேத்தே ஊத்துறீகளா?"