யானைக்கு மிச்சம் எங்கே?

தென்காசியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. அறுபதுகளின் தொடக்கம். ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்துச் சாரல் வகுப்பு ஜன்னல்வரை வந்துவிடும். பிள்ளைகளை வெளியே விட முடியாது. அந்த நாட்களுக்கென்றே தலைமையாசிரியர் மதராஸிலிருந்து சில படப் புத்தகங்களை வரவழைத்திருந்தார்.

எனக்குப் பிடித்தது ஒரு சிறுமியின் படம். விளக்கு வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழ, மறு கன்னம் நிழலில் இருக்கும். ஆசையாக எடுத்துக் காட்டினேன். அவள் ஏன் மூஞ்சி கழுவவில்லை என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

யானைப் புத்தகத்தில்தான் வினை வந்தது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் தலை, தும்பிக்கை, முன்னங்கால் இரண்டு. அதோடு தாள் முடிந்துவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுக்காரி தாளைப் புரட்டிப் பார்த்தாள். பின்னால் ஒரு கிளிதான் இருந்தது.

"டீச்சர், ஆனைக்கு மிச்சம் எங்க?"

மிச்சமும் இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. கோயில் யானையை வால்வரைக்கும் பார்த்தவள். ரெண்டு காலோடு அது எப்படி நிற்கும் என்று அழ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் பாதி வகுப்பு அழுதது.

வேறு வழியில்லை. மைதாப் பசை காய்ச்சி, பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரைதாளை ஒட்டி, யானையின் பின்பாதியை வரைந்து உள்ளே மடித்து வைத்தேன். மறுநாள் பிரித்துக் காட்டியதும் அவள் கால்களை எண்ணினாள். நான்கு. அதன் பிறகுதான் சிரித்தாள்.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். புத்தகத்தைத் திறந்தார், மடித்த தாள் விரிந்து அவர் கையில் விழுந்தது. பள்ளிக்கூடத்துச் சொத்தில் கைவைக்க யார் சொன்னது என்று கேட்டார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர், இரண்டாம் வகுப்பிலிருந்த அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியை எடுத்துவரச் சொன்னார். இரண்டையும் மேஜையில் விரித்து, எது நல்ல படம் என்று அழுத அந்தச் சிறுமியையே கேட்டார். அவள் யோசிக்காமல் நான் வரைந்ததன்மேல் கை வைத்தாள். ஏன் என்றார்.

"இது நடந்து வீட்டுக்குப் போவும், சார். அது போவாது."

இன்ஸ்பெக்டர் இரண்டு யானைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வகுப்புச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று மட்டும் எழுதிவைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, வால் கொஞ்சம் குட்டை என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

மறுநாள் பிள்ளைகள் ரயில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் எஞ்சினும் ஒரே ஒரு பெட்டியும்தான். சாரல் முடிகிறவரைக்கும் பெட்டி பெட்டியாக வரைந்து ஒட்டினேன். கடைசியில் பிரித்துப் போட்டபோது ரயில் வகுப்பைத் தாண்டி வராந்தாவில் போய் நின்றது.