பொன்னிறம் வராத கேக்

என் தம்பி பிழைக்க மாட்டான் என்றார்கள், பிழைத்தான். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் ஒரு காது போயிற்று. மிச்சமிருந்த காதை வைத்துக்கொண்டே தெருவின் வம்பையெல்லாம் தெரிந்துவைத்திருந்தான். எழுத்துகள் அவன் கண்ணுக்குப் பிடிகொடுக்காமல் நழுவியதால் பள்ளிக்கூடம் அவனை இரண்டாம் வகுப்போடு கைகழுவியது. பேக்கரிக்குத் தட்டு கழுவப் போனவன், அங்கேயே பெரிய அடுப்புக்குப் பொறுப்பாளி ஆனான். இவ்வளவும் அவன் ஜெயித்தவை. கடைசியாக ஜெயித்ததைத்தான் சொல்ல வந்தேன்.

பேக்கரியில் அவனுக்கு வைத்த பெயர் ‘பொன்னிறம்’. கேக் வெந்துவிட்டதா என்று யார் கேட்டாலும், “பொன்னிறம் வரட்டும்” என்பான். கடிகாரத்தைப் பார்க்க மாட்டான். அடுப்புக் கதவின் கண்ணாடி வழியே நிறத்தைப் பார்த்துத்தான் இறக்குவான். அவன் கையில் ஒரு தட்டும் கருகியதில்லை.

ஒருநாள் முதலாளி ஒரு புது டின்னைக் கொண்டுவந்து வைத்தார். ஆஸ்பத்திரிக் கடை ஒன்று சர்க்கரை சேர்க்காத கேக் கேட்டிருந்தது. டின்னில் இருந்தது சார்பிட்டால் பாகு. தண்ணீர்போல நிறமில்லாமல், தேன்போலக் கெட்டியாக இருக்கும். சோள மாவுச்சத்திலிருந்து செய்கிறார்கள். ஆப்பிளிலும் பேரிக்காயிலும் தானாகவே கொஞ்சம் உண்டு. பற்பசையிலும் இருமல் மருந்திலும்கூடச் சேர்க்கிறார்கள். இனிப்பு சர்க்கரையைவிடக் குறைவு. ஆனால் ஈரத்தை விடாது. கேக் நாள்பட்டாலும் மெத்தென்று இருக்கும்.

தம்பி வழக்கம்போல அடுப்பின் முன் நின்று நிறத்துக்குக் காத்திருந்தான். சார்பிட்டாலோ சர்க்கரையைப்போலச் சூட்டில் சிவக்காது. இவன் காத்திருக்கக் காத்திருக்க உள்ளே கேக் காய்ந்து இறுகிவிட்டது. கேக் மாஸ்டர் அதைக் கத்தியால் தட்டிப் பார்த்தார்.

“என்னடா பொன்னிறம், இது கேக்கா, செங்கல்லா?”

“செங்கல்லுன்னா சூட்டுல சிவந்திருக்கும் மாஸ்டர். இது வெளுத்துப்போய் நம்மளையே மொறைக்குது.”

அடுத்த தட்டுக்கு அவன் நிறத்தைப் பார்க்கவே இல்லை. நடுவில் விரல் நுனியால் அழுத்தினான். பள்ளம் மேலே எழும்பி வந்ததும் இறக்கினான். கேக் வெளிறித்தான் இருந்தது. ஆனால் பஞ்சாக வெந்திருந்தது. அந்தப் பெருமையோடு ஒரு முழுக் கேக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அம்மாவுக்கு வெகுநாளாக நீரிழிவு. இனிப்புப் பக்கமே போனதில்லை.

“சர்க்கரையே இல்லம்மா. பயப்படாம சாப்பிடு.”

அம்மா பயப்படாமல் சாப்பிட்டார். சமையலறைக்குப் போகும்போதெல்லாம் ஒரு துண்டு. பொழுது விடிவதற்குள் வயிறு புரட்டிப்போட்டுவிட்டது. எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் மயங்கியவரை இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி வழியாக மருந்துநீர் ஏறிக்கொண்டிருக்க, கேக்கில் என்ன சேர்த்தது என்று விசாரித்துவிட்டு டாக்டர் தம்பியிடம் கேட்டார்.

“சர்க்கரை இல்லன்னா மாவும் இல்லன்னு நெனச்சீங்களா? மாவும் ரத்தத்துல சர்க்கரைய ஏத்தும், அது வேற. இந்தப் பாகு குடல்ல முழுசா சேராதுப்பா. அளவு மீறினா தண்ணிய இழுத்து வயித்தால போகும். டின்லயே எழுதியிருக்குமே, பாக்கலியா?”

அம்மாதான் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: “அவன ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர். இத்தனை வருஷத்துக்கும் சேத்து நான்தான் ஒரேயடியா தின்னுட்டேன்.”

அம்மா தேறி வீடு திரும்பியதும் தம்பி பேக்கரியிலிருந்து அந்தக் காலி டின்னை என்னிடம் தூக்கி வந்தான். அதில் ஒட்டியிருந்த தாளைப் படித்துக் காட்டினேன். சூட்டில் நிறம் மாறாது என்று ஒரு வரி. அதிகமாக உண்டால் வயிற்றுப்போக்கு உண்டாகும் என்று அடுத்த வரி.

“மொத வரிய என் விரலே கண்டுபிடிச்சிடுச்சுக்கா. ரெண்டாவது வரிய எந்த விரல் கண்டுபிடிக்கும்?” என்றான்.

முதலாளிக்கும் விஷயம் எட்டியது. இனி அந்தக் கேக்குக்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிய பெட்டி. சீட்டைப் படித்துவிட்டு, இறக்கியவனே கையெழுத்துப் போட வேண்டும். “கைநாட்டு செல்லாது. முடியலன்னா சொல்லிடு, அடுப்புக்கு வேற ஆள் பாக்கறேன். நீ மறுபடி தட்டு கழுவு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தம்பிக்கு அது உள்ளே இறங்கியது.

காகிதத்தில் எழுதிப் பார்த்தான். எழுத்துகள் பழையபடி நழுவின. பிறகு, பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதும் கிரீம் கூம்பை எடுத்தான். கவிழ்த்த தட்டின் முதுகில், சீட்டின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிழிந்தான். கண்ணில் நிற்காத எழுத்து கையில் நின்றது. வேலை முடிந்ததும் தினமும் இதே கதை. மாஸ்டர் வந்து ஒவ்வொரு எழுத்தையும் உச்சரித்துக் காட்டி, தப்பாக வந்ததை வழித்து நக்கிவிட்டு, “இன்னும் கொஞ்சம் தப்பா எழுதுடா, இன்னிக்கு கிரீம் நல்லாருக்கு” என்பார். அவன் சிரிக்க மாட்டான். துடைத்துவிட்டு மறுபடி பிழிவான்.

அடுத்த சரக்கு வெந்து, ஆறி, பெட்டிக்குள் போயிற்று. அவன் வரச் சொன்னதால் நானும் போயிருந்தேன். சீட்டை வாய்விட்டு, விரல் வைத்து, கடைசி வரிவரை படித்தான். ‘வயிற்றுப்போக்கு’ என்ற இடத்தில் குரல் சற்று நின்று, பிறகு தாண்டியது. முதலாளி தம் பேனாவை நீட்டினார். கிரீம் கூம்பைப் பிடிப்பதுபோலவே அதை முழுக்கையால் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, தன் பெயரை எழுதினான். கீழே தேதியும் அவனே போட்டான்: 17 மார்ச் 2011.